பார்வையில் காணும் சலான்

சென்னையில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு இரண்டு தினசரி வரும். ஒன்று படிக்க, இன்னொன்று பிழை பார்க்க. மாடிப்படி விளக்கு முதல் குப்பை வண்டி வரை எல்லாவற்றுக்கும் மனு எழுதித் தீர்த்துவிட்டு, இனி எதற்கு எழுதுவது என்று கை அரித்துக் கிடக்கும்போது, அவருடைய ஸ்கூட்டருக்குச் சிக்னல் சலான் வரும். பணிக்கொடை வந்த நாளில்கூட அவர் முகத்தில் அப்படியொரு களை வந்திருக்காது.

எங்கள் அடுக்ககத்தில் அவருக்குச் 'சலான் சார்' என்று பெயராகிவிட்டது. குறுஞ்செய்தியை முதலில் அவர் நம்பவில்லை. ஆர்டிஓ சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கை வழித்தெடுக்கும் கும்பலைப் பற்றிப் படித்திருந்ததால், குடியிருப்போர் குழுவில் உடனே எச்சரிக்கை போட்டார். மறுநாள் இரண்டாம் மாடிப் பையன் பரிவாஹன் தளத்தில் சலானைத் திறந்து காட்டிவிட்டான். படமும் இருந்தது. அண்ணா நகர் ரவுண்டானா, சிவப்பு விளக்கு, நிறுத்தக் கோட்டுக்கு அப்பால் இவருடைய முன்சக்கரம். அபராதம் 500 ரூபாய்.

"நல்லாப் பாரு. நான் போகல, நிக்கறேன். இடது கால் தரையில இருக்கா இல்லையா?"

இருந்தது. தேய்ந்த தோல்செருப்போடு, கட்டைவிரல் சற்றே தூக்கியபடி இருந்தது. பின்னால் நின்ற வேன்காரன் ஹாரன் அடித்தே தன்னை இரண்டடி முன்னால் தள்ளிவிட்டான் என்பது அவர் வாதம். சென்னையில் வண்டி ஓட்டுகிற யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஹாரன் சத்தம் படத்தில் விழாது என்பதுதான் சங்கடம்.

கட்டுவதா, எதிர்ப்பதா? பக்கத்து வீட்டு வக்கீலிடம் போனார். "எழும்பூர் கோர்ட்டுக்குப் போய்வர ஆட்டோவுக்கே சரியாப் போயிடும் சார். வேணும்னா நானே கட்டிடறேன்" என்றார் வக்கீல். சாருக்கு அது அவமானமாகப் பட்டது. மனைவியிடம் சட்டம் விளக்கினார்: 177-ஆம் பிரிவில் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500. "இப்போ கட்டிட்டா நான் முதல் தடவைக் குற்றவாளின்னு ஒத்துக்கிட்டதா ஆகும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் 1,500."

"ஏங்க, அடுத்த தடவை கோட்டுக்கு இந்தப் பக்கமா நின்னுடுங்களேன்."

இதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167ஏ-வை மனப்பாடம் செய்தார். கேமராவுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வேண்டும். 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும். 15 நாள் என்றதும் ஆவலாக எண்ணினார். மூன்றாம் நாளே வந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கோப்புகளுக்கு நடுவே இருந்தவருக்கு, அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சரி, பலகை? நேரில் போய்ப் பார்த்தார். இருந்தது. ஒரு மரக்கிளை அதை மறைத்தும் மறைக்காமலும் ஆடிக்கொண்டிருந்தது. முழுக்க மறைக்கிற மாதிரி படமெடுக்க அவர் ஜூஸ் கடை ஓரம் குத்துக்காலிட்டு உட்கார வேண்டியிருந்தது. கடைக்காரர் கிளையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து உதவினாராம். இரண்டு சாத்துக்குடி ஜூஸ் செலவு.

பிறகு மனு பிறந்தது. பொருள்: போக்குவரத்து – சிவப்பு விளக்கு – மீறாமை – சலான் ரத்து கோருதல் – தொடர்பாக. பார்வை: 1. தங்கள் குறுஞ்செய்தி. 2. எனது இடது கால்.

பெங்களூரு மாப்பிள்ளை நடுவில் புகுந்து குழப்பினார். கர்நாடகத்தில் 2023-இல் நிலுவை அபராதத்தைப் பாதியாகக் குறைத்தார்களாம். பொறுத்திருந்தால் இங்கேயும் வரலாம் என்றார். சலான் சாருக்குத் தள்ளுபடியில் நாட்டமில்லை. ஆடித் தள்ளுபடியில் வேட்டி எடுக்கலாம், நீதி எடுக்க முடியுமா?

அவருக்கு உகந்த ஆதர்சம் அமெரிக்காவில் கிடைத்தது. ஒரிகன் மாநிலத்தில் மட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்பவரின் மனைவிக்கு 2013-இல் சிவப்பு விளக்குக் கேமரா சலான் வந்தது. மனிதர் மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தையே பிடித்துக்கொண்டார். திரும்புகிற வண்டி வேகம் குறைப்பதை அது கணக்கில் எடுக்கவில்லை என்றார். உரிமம் இல்லாமல் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டதற்காக மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது. வாரியத்தின் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு சூத்திரத்தைத் திருத்திக்கொண்டது.

"ஏழு வருஷம்!" என்றார் சலான் சார். குரலில் இருந்தது இரக்கமில்லை, பொறாமை. அப்போதுதான் எனக்கு அவர் பிடிபட்டார். கட்டினால் கோப்பு இன்றைக்கே முடிந்துவிடும். மனுப் போட்டாலும் என்றைக்காவது முடிந்துவிடும். யோசித்துக்கொண்டிருக்கும்வரை அவர் பணியில் இருக்கிறார்.

மனுவோடு இணைக்கப் படத்தைப் பெரிதாக்கி ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துவந்தார். காலைச் சிவப்பு மையில் வட்டமிடப் போன பேனா அப்படியே நின்றது. பின் இருக்கையில் அவர் மனைவி. மடியில் கீரைப் பை. ஹெல்மெட் முழங்கையில் தொங்குகிறது. பின்னால் உட்காருபவர் ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000. கேமரா கவனிக்காமல் விட்டதை இணைப்பு ஒன்றாக அவரே அனுப்பிவைக்கப் போகிறார்.

தாளை நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

"அப்போ கட்டிடலாமா?" என்றார் மனைவி, செல்பேசியைக் கையில் எடுத்தபடி.

"பரிசீலனையில் இருக்கு."

அடுத்த வாரம் இரண்டாம் மாடிப் பையனுக்கே சலான் வந்தது, அதே ரவுண்டானாவில். படியிறங்கும்போதே ஜிபேயில் கட்டப் போனவனை மறித்து நிறுத்தினார். மனு தயாராக இருக்கிறது, பெயரையும் வண்டி எண்ணையும் மாற்றினால் போதும் என்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "படத்துல உனக்குப் பின்னாடி யாரும் உட்காரலையே?"