இன்னும் ஒரே ஒரு சாமான்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கொல்லிமலைக்குக் குடியேறுகிறவர்களில், குடியிருக்கும் வீட்டைவிடக் கார் ஷெட்டைப் பெரிதாகக் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. அந்த ஷெட்டில் கார் நிற்காது. அது வாசலில் பனியில் நனையும். உள்ளே பெஞ்சு; அதன்மேல் முழங்கை உயரத்துக்கு அளந்து பொருத்திய வைஸ்; 6-7இல் தொடங்கி 30-32 வரை ஸ்பேனர்கள்; டிரில்லிங் மெஷின், கிரைண்டர். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பெயின்ட் கோடு. இத்தனை இருந்தும் வேலை தொடங்காததற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: இன்னும் ஒரே ஒரு சாமான் வரவேண்டும். சமையலறைக் கதவு இடிக்கிறதா, உளி வரட்டும். உளி வந்துவிட்டதா, அதைத் தீட்டச் சாணைக்கல் வேண்டாமா? கல் வந்தால் அந்தக் கல்லைச் சமப்படுத்த வைரத்தகடு. தகடு கோயம்புத்தூரில்தான் கிடைக்குமாம். அதுவரை கதவை எல்லோரும் தோளால் தள்ளித் திறக்கிறார்கள்.

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டிய ஊரில் எல்லாம் கைவசம் இருப்பது நல்லதுதானே என்று அவருக்காக வாதாடலாம். நியாயம்தான். ஆனால் அதே வளைவுகள் தின்ற பிரேக் ஷூவை, செம்மேட்டில் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் கையளவு ஸ்பேனரோடு மாற்றிக் கொடுத்துவிடுகிறார். கீழே நாமக்கல்லில் வெல்டிங் மெஷினும் சுத்தியலுமாக லாரிக்கே பாடி கட்டுகிறார்கள். அந்தப் பட்டறைகளில் சுத்தியலுக்குக் கோடு வரைந்து வைக்க யாருக்கும் நேரமில்லை. கருவி பெருகினால் வேலை பெருகும் என்பதற்கு இந்த மாவட்டத்தில் சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சும்மா இருந்தாலும் கருவிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறாரே என்பார்கள். சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். இரவில் இரும்பு குளிர்ந்து கிடக்கும், காலையில் ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும், துடைக்காவிட்டால் துரு. ஆகவே துடைக்கிறார், எண்ணெய் பூசுகிறார், அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுச் சூடேற்றுகிறார். அந்தப் பட்டறை இன்றுவரை உற்பத்தி செய்த ஒரே பொருள் எண்ணெய்த் துணி. இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் சிரித்துவிட்டுப் போகலாம். சொல்லப்போனால், பகல் முழுக்க டிவி பார்ப்பவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

நஷ்டம் இருக்கிறது. அவர் இரவல் கொடுப்பதில்லை. "செட் கலைஞ்சிடும்ங்க" என்பார். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். தள்ளிப்போட்டால் புளித்து, கொட்டையின் ருசியும் விலையும் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பல்பரில் ஒரு போல்ட்டைக் கழற்ற முடியாமல், சாக்கில் பழம் சூடேறிக்கொண்டிருக்க வாசலில் வந்து நிற்கும்போது, 12-13 ஸ்பேனர் கோட்டுக்குள் எண்ணெய் மினுக்கோடு தொங்குவது வேடிக்கை இல்லை, அநியாயம்.