கோபுரத்துக்குச் சுட்டி குத்தின மருமவன்

வாரும் மருமவனே, உக்காரும். கிழக்கே கோட்டையில நின்னு நீரு எடுத்த படத்தச் சாலைக் கடைவீதியே பாத்தாச்சு. சமநாள் அன்னிக்குப் பத்மநாபசாமி கோயில் கோபுரத்துச் சன்னல் ஒவ்வொண்ணா சூரியன் எறங்கும். அத எடுக்க ஊரே கேமராவும் கையுமா நிக்கும். எல்லாருக்கும் கெடச்சது சூரியன். உமக்கு மட்டும் உபரியா ஒரு வெள்ளைக் கரை! 7 நிலைக் கோபுரம், உச்சியில 7 தங்கக் கலசம், அம்புட்டுக்கும் சுட்டி குத்திட்டீரே வே. கதகளிக்காரங்க மாவு கொழச்சு மூஞ்சியச் சுத்திக் கரை கட்டுவாவளே, அதேதான். சாமி பள்ளிகொண்டிருக்காரு, எந்திரிச்சு வந்து கேக்கவா போறாருன்னு ஒரு தைரியம்.

கேமராவுல ஷார்ப்னஸ உச்சத்துல வச்சிருந்தேன்னு நீரே பெருமையாச் சொன்னீரு. மெத்தச் சரி. அந்தப் பொட்டி என்ன செய்யும்? இருட்டும் வெளிச்சமும் சேருத எடத்துல இருட்ட இன்னும் கருப்பாக்கும், வெளிச்சத்த இன்னும் வெளுப்பாக்கும். புதுசா ஒரு பொம்மையும் செதுக்கித் தராது. அந்தி நேரம்னு ஐஎஸ்ஓவ வேற ஏத்திட்டீரு. வானத்துல விழுந்த புள்ளியையும் சிற்பம்னு நெனச்சு அது தீட்டி வச்சிருக்கு.

தீட்டவே வேண்டாம்னு சொல்லல. சென்சார்ல ஒரு புள்ளிக்கு ஒரு நெறந்தான்: செவப்போ, பச்சையோ, நீலமோ. கோடாக் கம்பெனியில பேயர்னு ஒருத்தரு 1976ல காப்புரிமை வாங்கின ஏற்பாடு. மத்த ரெண்டு நெறத்தையும் பக்கத்துப் புள்ளியப் பாத்துக் கணக்குப் போட்டு நெரப்பணும். அதுல படம் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். பல கேமராவுல, கட்டம் போட்ட சேலையில இல்லாத கோலம் விழாம இருக்க, மழுக்குததுக்குன்னே ஒரு கண்ணாடியும் வச்சிருக்கான். ஃபிலிம் காலத்துலயும் இருட்டறையில நெகட்டிவோட மங்கின நகல் ஒண்ண ஒட்டி வச்சு விளிம்பத் தூக்கிக் காட்டுவாவ. வித்தை பழசு. எங்க வச்சு தீட்டணுங்கதுதான் விஷயம்.

ஜேபெக்ல எடுத்தா பொட்டி தீட்டினது தீட்டினதுதான், அழிக்க ரப்பர் கெடையாது. ரா (RAW) ஃபைலா எடுத்தா நீரு திருகினது வெறும் குறிப்பு, கம்ப்யூட்டர்ல மாத்திக்கிடலாம். எவ்வளவு, எத்தன அகலம், எத தொடாம விடணும், எல்லாம் உம்ம கையில. வானத்த விட்டுட்டுக் கோபுரத்த மட்டும் தொடலாம். அளவு கொறச்ச பொறவு கடைசியாத் தீட்டும். செல்போன் திரைக்கு ஒரு பக்குவம், சட்டம் போட்டு மாட்டுத தாளுக்கு வேற பக்குவம். படம் எங்க போவுதுன்னு கேமராவுக்கு யாரு சொன்னா?

பத்திரிகைக்காரன் கதை வேற. சூரியன் முழுசா மறையுமுன்ன அவன் படம் ஆபீசுக்குப் போகணும், பொட்டிய நம்பட்டும். உமக்கு என்ன அவசரம், பொண்ணு வீட்டுக்காரங்களா காத்துக் கெடக்காவ?

இன்னொரு படத்துல கலசம் 14 தெரியுதே, அது கை ஆடினது. எந்தக் கம்ப்யூட்டர்ல தீட்டினாலும் 14உம் பளிச்சுன்னு தெரியும். மார்ச் சமநாளுக்கு ட்ரைபாட் கொண்டு வாரும், ரா ஃபைலா எடும். சாயா நான் வாங்கித் தாரேன், படத்தப் பாத்த பொறவு.