தண்ணீருக்குத் தனி பில்

பெல்ஜியத்து உணவகத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் கண்ணாடிப் பாட்டில் வரும், பின்னாலேயே பில்லும் வரும். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று அங்கே சட்டம் கிடையாது. சில இடங்களில் பீரே மலிவு! அந்நாட்டின் பிளெமிஷ்காரர்கள் மாட்டிறைச்சியையே பீரில்தான் வேகவைக்கிறார்கள். கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டு அதில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். பக்கத்தில் இரண்டு முறை பொரித்த உருளை வறுவல். குறை சொல்ல நாக்கு வராது. 2016இல் யுனெஸ்கோவே பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் ஏற்றிவிட்டது, நாம் யார் கேட்க? பீருக்குப் பீர் தனிக் கோப்பை வேறு. கெண்ட் நகரின் டுல்லே கிரீட் கடையில், பெரிய கோப்பையோடு ஆள் நழுவாமலிருக்க ஒற்றை ஷூவை அடமானம் வாங்கி, கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். போகிறவர்கள் ஓட்டையில்லாத சாக்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.