ஏரிப் புகையும் கதவுக் கோட்பாடும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

1. ஆய்வின் தேவை

இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழுவினர் பாடிய ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஆய்வாளர்களுக்குப் பெரும் துரோகம் இழைத்த பாட்டு. எந்த ஊருக்குப் போனோம், எது எரிந்தது, எதனால் எரிந்தது, பிறகு எங்கே பதிவு செய்தோம் என்று தன் பின்னணியைத் தானே வரிசையாகச் சொல்லிவிடுகிறது. கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமில்லை என்பதற்காக எந்த ஆய்வும் நின்றதில்லை (காண்க: ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நூலகம், ஆய்வேட்டு அடுக்கு, எந்தத் தட்டும்).

2. தீ

1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரக் கசினோ. ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடுவே கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கட்டடம் எரிந்துபோனது, உயிர்ச்சேதம் இல்லை. மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான க்ளோட் நோப்ஸ், ரசிகர்களை வெளியேற்ற ஓடி ஓடி உதவினார். பாட்டில் அவருக்குச் செல்லப் பெயரோடு இடம் கிடைத்தது. சுட்டவருக்கும் இடம் கிடைத்தது, வசவோடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்து, அதே கசினோவில் ஆல்பம் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள், தங்கள் ஸ்டுடியோ எரிவதைத் தூரத்திலிருந்து பார்த்தது.

3. புகை

ஏரிமேல் பரவியது.

4. நீர்

ஜெனீவா ஏரி. ஆய்வுக்காலம் முழுவதும் நீராகவே இருந்தது.

5. தலைப்பு

பேஸ் கிதார் வாசித்த ரோஜர் க்ளோவர் சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்தபோது அவர் வாயில் வந்த சொற்களே தலைப்பு. நம் கருத்தரங்கக் கட்டுரைகளின் தலைப்புகளும் இப்படிப் பிறப்பவையே. வேறுபாடு, க்ளோவர் விழித்துக்கொண்டார்.

6. கதவு

இனிதான் ஆய்வு தொடங்குகிறது. இடமிழந்த குழு அதே ஊரின் பெவிலியன் அரங்கில் இறங்கியது. ரிட்சி பிளாக்மோரின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை, வைத்து வாத்தியப் பதிவு நடந்தது. சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. குழுவின் உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு, பதிவு முடியும்வரை விடவில்லை. உலகம் ரிஃபை ஆராய்ந்தது, கதவை ஆராயவில்லை. அக்குறையை இவண் களைவாம்.

அ) கதவின் திசை: கதவு உட்புறம் திறப்பதாயின் உதவியாளர்கள் தள்ளினர் என்க, வெளிப்புறம் திறப்பதாயின் இழுத்தனர் என்க. முன்னது தள்ளல் கொள்கை, பின்னது இழுவைக் கொள்கை (இக்கட்டுரையாளர், ‘கதவியல்: ஓர் அறிமுகம்’, இன்னும் எழுதப்படவில்லை). இரு சாராரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. இரு சாராரும் நானே என்பதால் வீட்டில் சற்றுச் சிரமம்.

ஆ) தட்டலின் தாளம்: இயன் பெய்ஸின் ட்ரம்ஸுக்கு அடியில் போலீஸ் தட்டும் ஒலி கேட்கிறது என்று எழுத ஆசை. கேட்கவில்லை. கேட்காததே கதவு பிடித்தவர்களின் திறமைக்குச் சான்று (மேற்படியார், ‘கேட்காத ஒலிகள்’, நான்கு தொகுதிகள், மூன்றாம் தொகுதி காலி, மற்ற மூன்றும் அவ்வாறே).

இ) ஆசிரியர் யார்: பாட்டின் ஆசிரியர்களாக பிளாக்மோர், கில்லன், க்ளோவர், லார்ட், பெய்ஸ் என ஐவர் பெயரும் உண்டு. ஐவரும் உண்மையிலேயே வேலை செய்தவர்கள். ஆகவே இப்பட்டியல் ஆய்வு மரபுக்கு முற்றிலும் முரணானது. நம் மரபில் கட்டுரையைக் கண்ணால் பாராத நெறியாளர் பெயர் முதலில் வரும். அவருக்கும் மேலே இருக்கும் துறைத்தலைவர் பெயர் அதற்கும் முதலில் வரும். எழுதியவர் பெயர், இடமிருந்தால். கதவு பிடித்தவர்கள் பெயரோ கடைசியில்கூட இல்லை (மேற்படியார், ‘தாழ்ப்பாளும் தத்துவமும்’, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பு இனிமேல் வரும், அணிந்துரை தந்தவர் நூலைப் படிக்காததால் அவர் பாராட்டில் பாரபட்சம் இல்லை).

7. மரபும் தாக்கமும்

ஆல்பத்தின் மற்ற பாட்டுகளை, குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிப் பதிவு செய்தார்கள். 1972இல் ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் வந்தபோது குழுவினர் நம்பிச் சிங்கிளாக வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. கதவு காத்த பாட்டு 1973இல்தான் அமெரிக்காவில் சிங்கிளாகி 4ஆம் இடம் வரை ஏறியது. ஆர்மீனிய நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட 1989இல் பல ராக் கலைஞர்கள் சேர்ந்து மறுபடி பாடினார்கள். பாட்டு வந்த நாள் முதல் இன்றுவரை, கிதார் வாங்க வருகிறவர்களும் வாங்காமல் போகிறவர்களும் கடையில் முதலில் வாசித்துப் பார்ப்பது இந்த ரிஃபைத்தான்.

8. முடிவும் பரிந்துரையும்

பாட்டு பிழைத்தது கிதாரால் மட்டுமன்று, கதவாலும் என்பது இதனால் பெறப்படும். எனவே வாசகர்களுக்கு இரண்டு பரிந்துரைகள். ரிஃபை வாசிக்கும்போது பிக்கைக் கீழே வையுங்கள்; பிளாக்மோர் விரலால்தான் வாசித்தார். கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். முதலாளி ஓடிவரும்போது கதவைப் பிடித்துக்கொள்ள நம்பகமான நண்பர் ஒருவர் வேண்டும்.