பேட்டரிதான் சார், மாத்திடுங்க

நேற்று சாயங்காலம், வடபழனி சிக்னலுக்குச் சற்று முன்னால், என் காரில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தாமல் பானட்டைத் தூக்கினேன். அப்புறம் நடந்ததில் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். அந்த விளக்கு எரிந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று விஷயம் போதும். மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மீட்டர். நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்போதும் 12ஐ ஒட்டியே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கையை விரித்துவிட்டது, பேட்டரி வெந்துவிடும். நான் டிக்கியிலிருந்து மீட்டரை எடுத்து வைத்தேன். 11.7.

எடுத்து வைப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊரில் பானட்டைத் திறப்பது பந்திக்கு இலை போடுவது மாதிரி, யாரையும் அழைக்க வேண்டியதில்லை. முதலில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே "பேட்டரிதான் சார்" என்றார். அடுத்தவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்காரரைப் பார்த்தே வழிமொழிந்தார். இளநீர்க்காரர் சீவுவதை நிறுத்தாமல் அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"எப்ப மாத்தினது?"

"போன மாசம்."

"அப்ப டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்."

பழசென்றால் உயிர் போய்விட்டது, புதுசென்றால் டூப்ளிகேட். எந்தப் பேட்டரியும் இந்த வழக்கில் ஜெயிக்க முடியாது.

மீட்டரைக் காட்டினேன். ஹெல்மெட்காரர் கூர்ந்து பார்த்துவிட்டு, "மீட்டர்ல பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார்.

"மெயின் ரிலே போயிருக்கும்" என்றார் ஒருவர். எந்த ரிலே என்றால், "அதான் சார், மெயின்." வண்டி எடுத்தபோது எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினீர்களா என்று விசாரித்தார் ஒரு பெரியவர். ஏற்றியிருந்தேன். "எத்தனை சக்கரத்துக்கு?" என்று குறுக்கு விசாரணை. நாலுக்கும் என்றேன். ஸ்டெப்னியை விட்டுவிட்டேனாம்.

இதற்குள் ஒருவர், "எஞ்சின் ஓடறப்பவே டெர்மினலைக் கழட்டுங்க. வண்டி நின்னா டைனமோ காலி" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டார். அது அந்தக் காலத்து அம்பாசிடர் வைத்தியம். அதில் கருகிப்போக ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய வண்டியில் பேட்டரியைப் பிடுங்கினால், சார்ஜ் செய்துகொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, டயோடிலிருந்து ஈசியூ வரைக்கும் பொசுங்க வாய்ப்புண்டு. சார்ஜிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை, நன்றாக இருக்கிற சார்ஜிங்கைக் கெடுத்துவிட்டுப் போகும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளி நின்று பார்த்தவர்கள் அடிதடி என்று நினைத்துப் பக்கத்தில் வந்தார்கள். அவர்களும் "பேட்டரியா சார்?" என்றார்கள்.

இரண்டு, பெல்ட். லூஸாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும். அது சரியாக இருந்தால் உள்ளே கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுக் கரித்துண்டு, ஸ்லிப் ரிங் மேல் உரசி உரசித் தேயும். தேய்ந்து ஒட்டாமல் போனால் ரோட்டருக்குக் கரண்ட் போகாது, சார்ஜும் கிடையாது. மொத்த ஆல்டர்னேட்டரின் விலையோடு பார்த்தால் அந்தக் கரித்துண்டு ஒரு காசே இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச ஒரு நாதி கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். அது என்னவென்றால், ஒரு தம்பி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்ணா" என்று சாவியைத் திருப்பிவிட்டான். ஆஃப் ஆனது. ஆன் ஆகவில்லை. செல்ஃப் ஒரே ஒரு 'டொக்'. "பார்த்தீங்களா, பேட்டரி!" என்று கூட்டம் குதூகலித்தது. உடனே தள்ள ஆரம்பித்தார்கள். இது ஆட்டோமேட்டிக், தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. ஸ்டார்ட் செய்ய அவர்கள் தள்ளவே இல்லை. நேராகக் கொண்டுபோய் ஒரு பேட்டரிக் கடை வாசலில் நிறுத்தினார்கள்.

கடைச் சுவரில் மல்டிமீட்டர் தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதில் இன்னும் கலையவில்லை. அளந்து பாருங்களேன் என்றேன். "எதுக்கு சார்? பார்த்தாலே தெரியுதே" என்றார் கடைக்காரர். போன மாதப் பேட்டரியைப் பழசு என்று எடைக்கு எடுத்துக்கொள்கிறாராம். அந்த எடையையும் பார்த்தே சொன்னார்.