வாட்ச்மேன் ஏணி பிடித்த கதை

பயாலஜியில் நான் வீக். ஆனாலும் கேன்சர் பற்றி யாராவது பேச்செடுத்தால் முதலில் திறப்பது என் வாய்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். இல்லையென்றால் அது நீங்கள்தான்.

கொஞ்ச நாளாக என் வாயில் மாட்டிக்கொண்டது 'சிகாஸ்-ஸ்டிங்', நம் செல்லுக்குள் இருக்கும் ஓர் அலாரம். டி.என்.ஏ. இருக்க வேண்டிய இடம் நியூக்ளியஸ். அது வெளியே சைட்டோபிளாசத்தில் தென்பட்டால், வைரஸ் புகுந்திருக்கலாம். சிகாஸ் என்கிற என்சைம் அதைப் பிடித்து, சிகாம்ப் என்றொரு குட்டி மூலக்கூறைத் தயாரிக்கும். அது ஸ்டிங் என்கிற புரதத்தைத் தட்டி எழுப்ப, நோய் எதிர்ப்பைக் கூப்பிடும் இன்டர்ஃபெரான் சுரக்கும். சிகாஸைக் கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்டது டல்லாஸில் இருக்கும் ஜிஜியான் சென் குழு. கேன்சர் செல்லில் குரோமோசோம்கள் சிதறிக் கிடப்பதால் அங்கேயும் அலாரம் அடிக்கும். "வாட்ச்மேன் சார், வாட்ச்மேன்!" என்று ஒரு கல்யாணப் பந்தியில் விளக்கினேன். பக்கத்து இலைக்காரர் ரசம் வரும்வரை கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே படித்துத் தொலைத்தேன்.

மூளைக்குப் பரவிய கேன்சர் செல்கள், பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்கிற மூளை செல்களுக்கு நுண்ணிய இணைப்புகள் வழியே இதே சிகாம்ப்பைக் கடத்துகின்றனவாம். பதிலுக்கு அவை சுரந்து தருவதை வாங்கிக்கொண்டு கட்டி வளர்கிறது, கீமோவையும் தாங்குகிறது. 2016-இல் வந்த ஆய்வு. வாட்ச்மேன் திருடனுக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2018 இன்னும் மோசம். அலாரம் ஓயாமல் அடித்தால் சில கட்டிகள் இன்டர்ஃபெரானை ஓரங்கட்டிவிட்டு, வேறு ரூட்டில் உடம்பெங்கும் பரவக் கற்றுக்கொள்கின்றன. போதாததற்கு, சிகாஸே நியூக்ளியஸுக்குள் நுழைந்து, உடைந்த டி.என்.ஏ.வை ரிப்பேர் செய்யவிடாமல் தடுக்கிறது. இதற்கும் நோய் எதிர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. என் விளக்கத்துக்கும் இதற்கும் கூடத்தான்.

எனக்கு ஆறுதலாக ஒரு மருந்தின் கதை கிடைத்தது. பெயர் வடிமேசன். எலிகளின் கட்டியைப் பிரமாதமாகக் கரைத்தது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனையில் பலிக்கவில்லை. எலியின் ஸ்டிங்கோடுதான் ஒட்டும், மனிதனுடையதோடு ஒட்டாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பெரிய படிப்பாளிகளே சறுக்கியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் சறுக்கியது லேபில், நான் சறுக்கியது பந்தியில். அந்த வித்தியாசத்தை அப்போது கவனிக்கவில்லை.

இத்தனையையும் மச்சினனிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தான், இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எலிக்கா, மனுஷனுக்கா?" என்றான்.

நிறையவே எலிக்குத்தான்.