மாடி பஸ் மகாத்மியம்

பஸ் என்ற வாகனம் பிறந்ததே குளிக்கப் போகிறவர்களுக்காகத்தான். இதை நான் சொன்னால் குற்றாலத்துப் பக்கத்து ஆளின் குசும்பு என்பீர்கள். சரித்திரமே அப்படித்தான் சொல்கிறது. 1826-ல் பிரான்சில் நாந்த் என்ற ஊரில் ஸ்தனிஸ்லாஸ் போட்ரி என்று ஒருவர் மாவு மில் நடத்திக்கொண்டிருந்தார். மில்லின் நீராவி இஞ்சின் ராப்பகலாக வெந்நீரைக் கொட்டியது. சும்மா போகிற வெந்நீரைக் காசாக்குவோம் என்று பக்கத்திலேயே ஒரு குளியல் கூடம் கட்டினார். மில் இருந்ததோ ஊருக்கு வெளியே. முதுகு தேய்க்க அவ்வளவு தூரம் நடக்க எவனுக்கும் மனசு வரவில்லை. ஊர் நடுவிலிருந்து ஒரு குதிரை வண்டி விட்டார். வண்டி நிறைந்தது, குளியல் கூடம் நிறையவில்லை. ஏறினவர்கள் எல்லாரும் வழியிலேயே அவரவர் சோலியைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். போட்ரி புத்திசாலி. குளியலைக் கைவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நிற்கிற இடத்தில் ஓம்னெஸ் என்பவரின் தொப்பிக் கடை இருந்ததாம். போர்டில் 'ஓம்னெஸ் ஓம்னிபுஸ்' என்று ஒரு லத்தீன் சிலேடை. 'எல்லாருக்கும்' என்று பொருள். அதிலிருந்துதான் வண்டிக்கு ஆம்னிபஸ் என்று பேர் வந்தது என்பது கதை. நாளடைவில் தலை அறுந்து வால் மட்டும் பஸ் ஆயிற்று. தலையும் வாலும் சேர்ந்த முழு உருப்படி தமிழ்நாட்டில்தான் இன்னும் ஓடுகிறது: ஆம்னி பஸ். எல்லாருக்குமான வண்டி! தீபாவளிக்கு முந்தின நாள் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு இந்த அர்த்தத்தை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் போட்ரிக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. கணக்கு மேதை பாஸ்கல். 1662 மார்ச்சில் பாரிஸில் ஐந்து காசு வண்டி என்று ஒன்று தொடங்கினார். குறித்த வழி, குறித்த நேரம், குறித்த கட்டணம் என்று எல்லாம் சரியாக இருந்தது. அங்கிருந்த நீதிமன்றம் மட்டும் சிப்பாய், வேலைக்காரன், கூலிக்காரன் எவனும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஏறக்கூடியவனிடம் சொந்த வண்டி இருந்தது. சொந்த வண்டி இல்லாதவன் ஏறக்கூடாது. அது எத்தனை காலம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட பாஸ்கல் தேவையில்லை. அவரும் அந்த ஆகஸ்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

லண்டனுக்கு இந்தச் சரக்கைக் கொண்டுபோனவர் ஜார்ஜ் ஷில்லிபீர். 1829 ஜூலையில் பாடிங்டனிலிருந்து பேங்க் வரை மூன்று குதிரை பூட்டிய பஸ் விட்டார். போட்டிக்காரர்கள் பெருகி, மனுஷன் திவாலாகி, கடைசியில் சவ ஊர்வல வண்டி செய்யும் தொழிலுக்கு மாறினார். அந்தப் பயணிகள் நடுவழியில் இறங்கி ஓட மாட்டார்கள் அல்லவா!

இப்போது மாடிக்கு வருவோம். கூட்டம் தாங்காமல் லண்டன்காரர்கள் பஸ் கூரையில் தொற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நம் ஊராக இருந்தால் போலீஸ்காரர் கம்பை ஓங்கியிருப்பார். அங்கே 1847-ல் ஒரு வண்டிக் கம்பெனி கூரை மேலேயே நீளப் பலகை ஒன்றைப் போட்டு, மேலே உட்கார்ந்தால் பாதிக் கட்டணம் என்று அறிவித்துவிட்டது. டபுள் டெக்கரின் பூர்வோத்தரம் இவ்வளவுதான். விஞ்ஞானமும் இல்லை, வெங்காயமும் இல்லை. மொட்டை மாடிக்கு டிக்கெட் போட்டார்கள். உள்ளே மெத்தை, மேலே மழை. மேல்தட்டு மக்கள் கீழேயும் கீழ்த்தட்டு மக்கள் மேலேயும் உட்கார்ந்த ஒரே சமுதாய ஏற்பாடு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு ஜனம் அலைமோதியது, மாடி நிலைத்துவிட்டது.

மேலே போக முதலில் படிக்கட்டு கிடையாது, இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏற வேண்டும். பாவாடை கட்டிய பெண்கள் எப்படி ஏறுவார்கள்? பின்னால் வளைந்த படிக்கட்டு வைத்தபிறகுதான் அவர்களும் ஏறினார்கள். உடனே ஒழுக்கத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருக்கும் சீமாட்டியின் கணுக்கால் தெருவில் போகிறவன் கண்ணில் பட்டால் சாம்ராஜ்யம் என்ன ஆவது? மாடியின் ஓரத்தில் மானம் காக்கும் பலகை அடித்தார்கள். அடித்த கையோடு அந்தப் பலகையில் சோப்பு விளம்பரமும் டீ விளம்பரமும் எழுதி வாடகை வாங்கினார்கள். மானத்தைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, நாலு காசு பார்த்த மாதிரியும் ஆயிற்று. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தை வெள்ளைக்காரன் சும்மா நடத்தவில்லை.

இந்தக் கதை எங்கள் ஊரான புளியறைக்கு எப்படி வந்து சேருகிறது என்று கேட்பீர்கள். நேரே வருகிறது. எங்கள் செங்கோட்டை தாலுகா 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்ச் சீமை. எங்களுக்கு ராஜா உண்டு; பக்கத்துத் தென்காசிக்காரனுக்குக் கலெக்டர்தான். 1937 செப்டம்பரில் எங்கள் ராஜா ஸ்ரீசித்திரைத் திருநாள், அரசாங்கமே பஸ் விடட்டும் என்று முடிவுசெய்து, லண்டன் போக்குவரத்துக் கழகத்தில் அதிகாரியாக இருந்த இ. ஜி. சால்ட்டர் என்ற துரையை வேலைக்கு எடுத்தார். சால்ட்டர் கொம்மர் கம்பெனியிலிருந்து 60 பஸ்ஸுக்கான அடிச்சட்டங்களை வரவழைத்து, உள்ளூர் மரத்தில் பாடி கட்ட வைத்தார். 1938 பிப்ரவரி 20-ம் தேதி திருவனந்தபுரத்தில் துவக்க விழா. முதல் வண்டியை ஓட்டியவர் சால்ட்டர், பயணம் செய்தவர் மகாராஜா. டிக்கெட் எடுத்தாரா என்பதைப் பற்றிப் பேச்சில்லை. நாட்டையே சொத்தாக வைத்திருப்பவரிடம் சில்லறை கேட்கிற கண்டக்டர் இன்னும் பிறக்கவில்லை.

கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் திருவிதாங்கூர் ரூபாய் ஒன்று. கண்டக்டர், இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சுமார் நூறு பட்டதாரிகளைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் வீட்டு வாசலில் பித்தளைப் பலகை தொங்கும். அந்த பி.ஏ. தோளில் பையை மாட்டிக்கொண்டு "டிக்கெட், டிக்கெட்" என்று வந்தார். படித்தவனுக்கு வேலையில்லை என்ற புலம்பல் நேற்று ஆரம்பித்தது என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும்.

ஒரே ஒரு வருத்தம்: சால்ட்டர் வந்தார், மாடி வரவில்லை. அவை எல்லாம் ஒற்றைத் தட்டு வண்டிகள். பம்பாயில் 1937-லேயே டபுள் டெக்கர் ஓட ஆரம்பித்துவிட்டது. கல்கத்தா அதற்கும் முந்தி. லண்டன் ஆளையே கூட்டிவந்த எங்களுக்குத் தரைதான்.

அதற்காகப் புளியறை சும்மா இருந்துவிடவில்லை. லண்டன்காரன் 1847-ல் கண்டுபிடித்ததை நாங்களும் தனியாகக் கண்டுபிடித்தோம். பஸ்ஸுக்குப் பின்னால் ஏணி; மேலே வாழைத்தார், பலாப்பழம், மிளகு மூட்டை, இடையில் நாலு பேர். ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி முக்கி முனகிப் போகும்போது மேலே இருப்பவன் பலாவைக் கட்டிப்பிடித்தபடி மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்ப்பான். பாதிக் கட்டணம் என்று யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் மேலே ஏறி வராததால் அது தானாகவே முழு இலவசம் ஆயிற்று.

1956 நவம்பர் 1-ம் தேதி கோடு மாறியது. அதுவரை பிரானூரில் இருந்த எல்லை கிளம்பி எங்கள் ஊருக்குக் குடிவந்தது. பேரை மட்டும் அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டது. அதனால்தான் எல்லை போய் இத்தனை வருஷமான பிறகும் பிரானூர் பார்டரில் பரோட்டா தின்கிறோம். முந்தின நாள்வரை ஆரியங்காவில் இருந்த பெரியம்மை மறுநாள் வெளிமாநிலத்துப் பெரியம்மை ஆனாள். எங்களுக்குச் செக்போஸ்ட் கிடைத்தது. இடம் கேட்டு வருகிறவர்களை நாங்கள் கைவிட்டதில்லை. சிதம்பரத்தில் கலகம் வந்தபோது நடராஜரையே இங்கே ஒரு புளியமரப் பொந்தில் வைத்துக் காப்பாற்றியதாகத் தலபுராணம் பேசுகிறது.

நான் மாடி பஸ்ஸைப் பார்த்தது ஒன்பது வயதில், திருவனந்தபுரத்தில். அதற்குள் அங்கே ஆனவண்டிக்கு மாடி வந்திருந்தது. கேரள அரசு பஸ்ஸில் யானைச் சின்னம் இருப்பதால் அந்தப் பேர். மாமா கூட்டிப் போனார். குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். கிழக்கேகோட்டையில் அது நின்றது, சிவப்பாக, கோயில் தேர் மாதிரி. மாமாவுக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. மேலே முன் சீட்டைப் பிடித்தாக வேண்டும். தமிழனுக்குத் தெரிந்த ஒரே முன்பதிவு முறையை உபயோகித்தார்: தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஆனால் ஜன்னல் பத்தடி உயரத்தில் இருக்கிறது. துண்டை உருட்டி முடிச்சுப் போட்டு, குறிபார்த்து வீசினார். அது ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னல் வழியாக வெளியேறி, அந்தப் பக்கம் நின்ற வாழைப்பழக்காரர் தலையில் போய் இறங்கியது.

"எந்தா அண்ணாச்சி, தோர்த்து பறக்குந்நு?" என்றார் கண்டக்டர்.

மாமா அசரவில்லை. "ஏல, நீ ஓடிப் போயி ஒக்காரு. நான் துண்ட வாங்கிட்டு வாரேன்" என்றார். ஓடினேன். கிடைத்தது.

வண்டி கிளம்பியபிறகுதான் மாடியின் மகிமை புரிந்தது. பெரிய மனிதர்கள் வீட்டு மதில் சுவர்கள் நடந்து போகிறவன் கண்ணை மறைக்கக் கட்டியவை. மாடி பஸ்ஸை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாமா ஒரு பங்களாவைக் காட்டினார். ராஜா காலத்தில் அவருடைய தாத்தா நிலத் தகராறுக்கு மனு எடுத்துக்கொண்டு புளியறையிலிருந்து வந்து, இரண்டு நாள் அதன் கேட்டுக்கு வெளியே நின்றாராம். துரையைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் அரை டிக்கெட்டும் ஒரு டிக்கெட்டுமாக, அந்தப் பங்களாவின் கொல்லையில் காய்ந்த கோவணம்வரை பார்த்தோம். மாமா திரும்பி வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நில வழக்கில் ஜெயித்திருந்தால்கூடத் தாத்தா அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பிறகு பல ஊர்களில் மாடி இறங்கிவிட்டது. சென்னையில் உயர்நீதிமன்றத்திலிருந்து தாம்பரம் போன 18ஏ 2008-ல் ஓய்ந்தது. பம்பாயின் பழைய டீசல் மாடி 2023 செப்டம்பர் 15-ல் மாலை மரியாதையோடு விடைபெற்றது; இப்போது அங்கே ஏ.சி. போட்ட மின்சார மாடி.

எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் வரவில்லை? மலைப்பாதை, வளைவு, கவிழ்ந்துவிடும் என்பார்கள். லண்டனில் மாடி பஸ்ஸைச் சாலைக்கு விடுமுன் மேல்தட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி 28 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். அதற்கும் விழாமல் நின்றால்தான் அனுமதி. எங்கள் எஸ் வளைவில் கல் ஏற்றிய லாரிகள் இந்தப் பரீட்சையை மணல் மூட்டை இல்லாமல் தினமும் எழுதுகின்றன. பாஸா பெயிலா என்பதைக் காலையில் டீக்கடையில் சொல்வார்கள்.

கவிழும் என்ற சாக்கும் இப்போது செல்லாது. கேரள அரசு 2025-ல் மூணாறு மலைப்பாதையிலேயே கண்ணாடி போட்ட மாடி பஸ்ஸை விட்டுவிட்டது. தொடங்கியபோது கீழ்த்தட்டுக்கு 200 ரூபாய், மேல்தட்டுக்கு 400. நன்றாகக் கவனியுங்கள். 1847-ல் மேலே ஏறினால் பாதிக் காசு, இன்றைக்கு மேலே ஏறினால் இரட்டைக் காசு. அன்றைக்கு வேறு கதியில்லாதவன் வாங்கிய அதே காற்றையும் தூறலையும் கண்ணாடிக்குள் வைத்து, வேடிக்கை பார்க்க என்று விற்கிறார்கள். பலாவைக் கட்டிப்பிடித்துப் போன எங்கள் ஆட்கள் கணக்குப்படி தலைக்கு 400 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வட்டி போட்டுவிடாதீர்கள்.

ஆகவே இரண்டு மாநிலப் போக்குவரத்து அமைச்சர்களுக்கும் புளியறைக்காரனின் மனு. இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே நிற்க வைக்காதீர்கள். ஆனியிலும் ஆடியிலும் சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை, புளியறை, ஆரியங்காவு பாலருவி வரைக்கும் ஒரே ஒரு மாடி பஸ் விடுங்கள். பாதி தமிழ்நாட்டுடையது, பாதி கேரளத்துடையது. மேலே கூரை வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். சாரல் நேராகத் தலையில் விழட்டும். குளிக்கப் போவதற்கென்று பிறந்த வண்டி, போகிற வழியிலேயே குளிப்பாட்டிவிடும். துண்டு நாங்களே கொண்டுவருகிறோம்.